ஒரு வாரத்துக்கு மட்டும் ஒரு ஸ்டேடியம்

இந்திய அணி ஆஸ்திரேலியாவுக்குப் போனால் விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்திருக்கிறோம். இங்கிலாந்துக்குப் போனால் ஒன்றரை மாதம் அதே பேச்சு. அயர்லாந்துக்குப் போனால்? இரண்டு டி20, மிஞ்சிப்போனால் மூன்று. பெரிய தலைகளில் பாதிப் பேருக்கு ஓய்வு. "இன்னிக்கு மேட்ச் இருக்கா என்ன?" என்று வீட்டில் ஒருவர் கேட்டு, இன்னொருவர் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் தொடரே முடிந்துவிடும்.

2018, 2022, 2023 என மூன்று முறை நம் அணி இப்படி அங்கே போய் வந்திருக்கிறது. மொத்தம் ஏழு போட்டிகள். ஏழுக்கும் ஒரே மைதானம்தான், மாலஹைட். டி.வி-யில் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பச்சைப் புல், சுற்றிலும் உயரமான மரங்கள், நீல ஜெர்ஸி போட்ட கூட்டம். 'எங்கேயோ நல்ல ஊராக இருக்கிறதே' என்று தோன்றியிருக்கும். நல்ல ஊர்தான். ஆனால், டி.வி-யில் பார்த்த அந்த ஸ்டேடியத்தைத் தேடிக்கொண்டு போனால் கிடைக்காது. ஏனென்றால், அப்படி ஒரு ஸ்டேடியம் அங்கே இல்லை!

ரயிலில் அரை மணி நேரம்

அயர்லாந்தின் தலைநகர் டப்ளின். அங்கிருந்து வடக்கே சுமார் 16 கிலோமீட்டரில், கடல் கொஞ்சம் உள்ளே புகுந்து நிற்கும் முகத்துவாரத்தின் ஓரத்தில் இருக்கிறது மாலஹைட். நம்மூர் பறக்கும் ரயில்போல டப்ளினில் கடற்கரையை ஒட்டி ஓடும் மின்சார ரயிலுக்கு 'டார்ட்' என்று பெயர். நகரத்தின் நடுவில் கானலி ஸ்டேஷனில் ஏறினால் அரை மணி நேரத்தில் மாலஹைட் வந்துவிடும். 1844-ல் திறந்த பழைய ஸ்டேஷன் அது. இறங்கினால் ஒரு பக்கம் கடைத்தெரு, படகுத்துறை, மீன் சாப்பாட்டுக் கடைகள். இன்னொரு பக்கம் பத்து நிமிடம் நடந்தால் கோட்டைப் பூங்கா.

அந்தப் பூங்காவை ஒட்டித்தான் மாலஹைட் கிரிக்கெட் கிளப்பின் மைதானம். கிளப் தொடங்கியது 1861-ல். சாதாரண நாளில் போனால் ஒரு பெரிய புல்வெளி, நடுவே கயிறு கட்டிப் பாதுகாக்கும் பிட்ச், ஓரத்தில் ஒரு கிளப் கட்டடம், சுற்றிலும் மரங்கள். அவ்வளவுதான். கேலரி கிடையாது, ஃப்ளட்லைட் கோபுரம் கிடையாது, ராட்சத ஸ்கோர்போர்டு கிடையாது. கோடைக்கால சனிக்கிழமையில் போனால் இரண்டு கிளப் அணிகள் ஆடிக்கொண்டிருக்கும். பவுண்டரி ஓரத்தில் நாயைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் நிற்பார்கள்.

சர்வதேசப் போட்டி என்று முடிவாகிவிட்டால் காட்சி மாறுகிறது. லாரிகள் வரும். இரும்புக் குழாய்களை முடுக்கி, தற்காலிக கேலரிகளை எழுப்புவார்கள். வேலி, கழிப்பறை, சாப்பாட்டுக் கடை, கேமராவுக்கு மேடை, கமென்ட்டரி சொல்பவர்களுக்குக் கூண்டு, ஜெனரேட்டர் என எல்லாமே வெளியிலிருந்து கொண்டுவந்து வைப்பதுதான். முழுசாகக் கட்டி முடித்தால் 11,500 பேர் உட்காரலாம். சேப்பாக்கத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ஆட்டம் முடிந்ததும் எல்லாவற்றையும் பிரித்து லாரியில் ஏற்றுவார்கள். பொருட்காட்சி முடிந்த பிறகு தீவுத்திடலைப் பார்த்திருக்கிறீர்களா? அதேபோல, புல்லில் பதிந்த சுவடு மட்டும் கொஞ்ச நாளைக்கு இருக்கும்.

நமக்கு இது வேடிக்கையாகத் தெரியும். ஆனால், அயர்லாந்து கிரிக்கெட்டின் மொத்தப் பிரச்னையும் இந்த இரும்புக் குழாய்களில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, பக்கத்திலிருக்கும் கோட்டைக்குள் கொஞ்சம் போய் வர வேண்டும்.

எண்ணூறு வருடக் குடும்பம்

1185-ல் ரிச்சர்ட் டால்பட் என்ற படைவீரருக்கு இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி இந்த நிலத்தைக் கொடுத்தார். அன்றிலிருந்து ஏறக்குறைய எண்ணூறு வருடம் டால்பட் குடும்பம் இங்கேயே இருந்தது. நடுவில் பதினேழாம் நூற்றாண்டில் கிராம்வெல்லின் ஆட்கள் சில வருடம் பிடித்து வைத்திருந்ததைத் தவிர, வீடு கை மாறவே இல்லை. கோட்டைக்குள் போனால் பெரிய சாப்பாட்டு அறையைக் காட்டுவார்கள். 1690-ல் பாய்ன் நதிக்கரைப் போர் நடந்த அன்று காலையில் டால்பட் வம்சத்தார் 14 பேர் இங்கே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போருக்குப் போனார்கள், ஒருவர்கூடத் திரும்பவில்லை என்று கதை சொல்வார்கள்.

கடைசிப் பிரபு மைலோ டால்பட் 1973-ல் இறந்தார். அவருக்கு வாரிசு இல்லை. சொத்து தங்கை ரோஸுக்கு வந்தது. வரிச்சுமை தாங்க முடியாமல் அவர் கோட்டையை விற்றுவிட்டு, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் குடும்பத்துக்கு இருந்த இன்னொரு பண்ணைக்குப் போய்விட்டார். அந்தப் பண்ணைக்கும் பெயர் மாலஹைட்தான்! மைலோ செடிப் பைத்தியம். டாஸ்மேனியா, நியூசிலாந்து, தென் அமெரிக்கா என உலகத்தின் தென்பாதியிலிருந்து அவர் தேடித் தேடிக் கொண்டுவந்த செடிகள் இன்றும் கோட்டைத் தோட்டத்தில் வளர்கின்றன. இப்போது கோட்டையும் சுமார் 260 ஏக்கர் பூங்காவும் பொதுமக்கள் சொத்து. குழந்தைகளோடு போனால் ஒரு முழுப் பகல் போதாது.

கோட்டை, பிரபு, பக்கத்தில் கிரிக்கெட் மைதானம் என்றால் ஓர் ஐரிஷ்காரருக்கு உடனே ஒன்று தோன்றும். 'இது ஆங்கிலேயர் ஆட்டம்.' அங்கேதான் சிக்கல்.

கிரிக்கெட் பார்த்தாலே குற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்து கிராமங்களில் கிரிக்கெட் நன்றாகவே நடந்தது. பிரபுக்கள் மட்டுமல்ல, விவசாயிகளும் ஆடினார்கள். பிறகு சுதந்திர உணர்வு வளர்ந்தது. 1884-ல் கேலிக் விளையாட்டுச் சங்கம் பிறந்தது. ஹாக்கி மட்டைபோல ஒன்றை வைத்துக்கொண்டு சின்னப் பந்தை அடிக்கும் 'ஹர்லிங்', கையாலும் காலாலும் ஆடும் கேலிக் ஃபுட்பால் இரண்டும்தான் நம் ஆட்டங்கள் என்றார்கள். கிரிக்கெட், ரக்பி, ஃபுட்பால் எல்லாம் அந்நிய ஆட்டங்கள். சங்கத்தின் உறுப்பினர் அவற்றை ஆடக் கூடாது. போய்ப் பார்க்கவும் கூடாது. 1938-ல் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட் ஒரு சர்வதேச ஃபுட்பால் போட்டியைப் பார்க்கப் போனார். நாட்டின் தலைவராயிற்றே என்றெல்லாம் பார்க்கவில்லை. சங்கத்தின் புரவலர் பதவியிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள். இந்தத் தடை 1971 வரை இருந்தது.

அந்நிய ஆட்டத்தை வைத்தே அந்நியனை ஜெயிப்பது என்ற நம்மூர்க் கணக்கு அங்கே எடுபடவில்லை. அவர்கள் தங்கள் ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள். பலனும் கிடைத்தது. டப்ளினில் கேலிக் ஆட்டங்களுக்கு இருக்கும் கிரோக் பார்க் ஸ்டேடியத்தில் 82,300 பேர் உட்காரலாம். கிரிக்கெட்டுக்கோ இரும்புக் குழாய்.

ஆனாலும், கிரிக்கெட் செத்துப்போகவில்லை. டப்ளினுக்கு வடக்கே ஃபிங்கல் என்று சொல்லப்படும் பகுதியில், ஸ்கெரீஸ், பால்பிரிகன், ரஷ் போன்ற ஊர்களில் காய்கறி விளைவிக்கும் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மட்டையை விடவில்லை. மாலஹைட்டும் இந்த ஃபிங்கலில்தான் இருக்கிறது. அரசியலில் அயர்லாந்து இரண்டாகப் பிரிந்து, வடக்கு பிரிட்டனோடு இருந்தாலும், கிரிக்கெட்டுக்கு இரண்டு பகுதிக்கும் சேர்த்து ஒரே அணி. 1969 ஜூலை 2-ல் வட அயர்லாந்தின் சயான் மில்ஸ் என்ற மில் கிராமத்தில் அந்த அணி வெஸ்ட் இண்டீஸை 25 ரன்களுக்குச் சுருட்டியது. ஆம், மொத்த அணியும் 25!

அப்போதெல்லாம் வெளிநாட்டு அணிகள் இங்கிலாந்துக்கு வந்தால், போகிற வழியில் கோயில் வாசலில் ஒரு கும்பிடு போடுவதுபோல, அயர்லாந்தில் ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போவார்கள். குட்டி சுற்றுப்பயணம் அயர்லாந்துக்குப் புதிதல்ல. வருகிற விருந்தாளி எப்போதும் அவசரத்தில்தான் வருவார்.

சொந்தப் பிள்ளையே எதிரணியில்

மாலஹைட்டில் முதல் பெரிய சர்வதேசப் போட்டி 2013 செப்டம்பர் 3-ல் நடந்தது. எதிரணி இங்கிலாந்து. சுமார் பத்தாயிரம் பேர் வந்தார்கள். அயர்லாந்து கேப்டன் வில்லியம் போர்ட்டர்ஃபீல்டு செஞ்சுரி அடித்தார். அணி 269 ரன் எடுத்தது. கூட்டத்துக்கு ஒரே கொண்டாட்டம். இங்கிலாந்து 4 விக்கெட்டை இழந்து தடுமாறியபோது உள்ளே நின்றவர் கேப்டன் ஆயின் மார்கன். அவுட் ஆகாமல் 124 அடித்து ஜெயித்துக்கொடுத்தார்.

இந்த மார்கன் யார்? மாலஹைட்டுக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கும் ரஷ் என்ற ஊரில் வளர்ந்த பையன். அயர்லாந்துக்காக ஆடிய முதல் ஒருநாள் போட்டியிலேயே 99 அடித்தவர். அதே மாலஹைட் போட்டியில் இங்கிலாந்துக்காக 4 விக்கெட் எடுத்த பாய்ட் ராங்கினும் அயர்லாந்துக்காரர்தான். சொந்த ஊரில் பந்தல் போட்டு, ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டி, கடைசியில் சொந்தப் பிள்ளைகளிடமே தோற்றது அயர்லாந்து.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. டெஸ்ட் ஆட வேண்டும் என்பது கிரிக்கெட் ஆடும் எல்லோருக்கும் இருக்கும் ஆசை. அயர்லாந்துக்கு டெஸ்ட் தகுதி கிடையாது. பக்கத்து நாட்டில் இருக்கிறது. போனார்கள். 2019-ல் அதே மார்கன் இங்கிலாந்து ஆண்கள் அணிக்கு முதல் ஒருநாள் உலகக் கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார்.

எனவே, 2017 ஜூனில் ஆப்கானிஸ்தானோடு சேர்த்து அயர்லாந்துக்கு டெஸ்ட் தகுதி கிடைத்தபோது, அது வெறும் கௌரவப் பட்டம் அல்ல. இனி நம் பிள்ளை வேறு வீட்டுக்குப் போக வேண்டாம் என்ற நிம்மதி.

அந்த ஐந்து நாள்

முதல் டெஸ்ட்டுக்கு மைதானம் மாலஹைட். எதிரணி பாகிஸ்தான். பொருத்தமான எதிரணி. 2007 உலகக் கோப்பையில், அதுவும் அயர்லாந்தின் தேசியத் திருவிழாவான செயின்ட் பேட்ரிக் தினத்தன்று, பாகிஸ்தானை வீட்டுக்கு அனுப்பி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது அயர்லாந்து. பாகிஸ்தான் வந்தது ஒரே ஒரு டெஸ்ட்டுக்கு. அதை முடித்துக்கொண்டு இங்கிலாந்து போக வேண்டும்.

2018 மே 11. டெஸ்ட் தகுதிக்காக எத்தனையோ வருடம் காத்திருந்த நாள். விடிந்ததிலிருந்து மழை. ஒரு பந்துகூட வீசவில்லை.

மறுநாள் ஆட்டம் தொடங்கியது. அயர்லாந்தின் முதல் டெஸ்ட் விக்கெட்டை எடுத்தவர் யார் தெரியுமா? பாய்ட் ராங்கின். இங்கிலாந்துக்கு ஒரே ஒரு டெஸ்ட் ஆடிவிட்டு, திரும்பி வந்திருந்தார். அவரைப்போலவே போய்விட்டுத் திரும்பிய எட் ஜாய்ஸ் தொடக்க ஆட்டக்காரர். ஜாய்ஸ் வீட்டில் இன்னொரு விஷயம் உண்டு. அவர் தங்கை இசபெல் 2000-லேயே டெஸ்ட் ஆடிவிட்டார்! ஆம், அயர்லாந்தின் பெண்கள் அணி ஆண்களுக்கு 18 வருடம் முன்பே, அதே பாகிஸ்தானுக்கு எதிராக டப்ளினில் ஒரு டெஸ்ட் ஆடி, இன்னிங்ஸ் வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறது. இசபெல் ஒரே இன்னிங்ஸில் 6 விக்கெட் எடுத்தார். ட்ரினிட்டி கல்லூரி வளாகத்துக்குள் இருக்கும் காலேஜ் பார்க் மைதானம் அது. டப்ளின் போகிறவர்கள் எல்லோரும் அந்தக் கல்லூரியின் பழைய நூலகத்தைப் பார்க்க வரிசையில் நிற்பார்கள். நூலகத்திலிருந்து கொஞ்சம் நடந்தால் இந்த மைதானத்தையும் பார்த்துவிடலாம்.

மாலஹைட்டுக்குத் திரும்புவோம். பாகிஸ்தான் 9 விக்கெட்டுக்கு 310. அயர்லாந்து 7 ரன்னுக்கு 4 விக்கெட், பிறகு எப்படியோ 130. வித்தியாசம் 180. ஐந்து நாள் டெஸ்ட்டில் 200 ரன் பின்தங்கினால்தான் ஃபாலோ-ஆன். ஆனால், முதல் நாள் மழையில் போய்விட்டால் அது நான்கு நாள் ஆட்டமாகக் கணக்கு; 150 போதும். மழை ஒரு நாளை மட்டுமா கொண்டுபோனது? அயர்லாந்தை உடனே திரும்பவும் பேட்டிங் பிடிக்க வைத்ததும் அதுதான்.

இரண்டாவது இன்னிங்ஸில் கெவின் ஓ'பிரையன் வந்தார். பெங்களூரு ரசிகர்கள் இவரை மறக்க மாட்டார்கள். 2011 உலகக் கோப்பையில் சின்னசாமி ஸ்டேடியத்தில் 50 பந்தில் செஞ்சுரி அடித்து இங்கிலாந்தைத் தோற்கடித்த அதே ஆள். அன்று தலைக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு அதிரடி. இங்கே, ஏழு வருடம் கழித்து, பொறுமையாக நின்று 118. அயர்லாந்து ஆண்கள் டெஸ்ட்டில் அடித்த முதல் செஞ்சுரி. உலகக் கோப்பையில் அந்த நாட்டுக்குப் பெரிய பெயரையும், டெஸ்ட்டில் முதல் செஞ்சுரியையும் கொடுத்தவர் ஒரே மனிதர்.

கடைசி நாள் பாகிஸ்தானுக்கு இலக்கு 160. 14 ரன்னுக்கு 3 விக்கெட் போனபோது மரங்களுக்கு நடுவே எழுந்த சத்தம் ரயில் ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். பிறகு இமாம்-உல்-ஹக்கும் பாபர் அசாமும் நின்று ஆடினார்கள். பாகிஸ்தான் 5 விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. தோற்ற அணியின் ஓ'பிரையனுக்கு ஆட்ட நாயகன் விருது.

கேலரியைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு மாலஹைட்டில் ஒரு டெஸ்ட்டும் நடக்கவில்லை. அயர்லாந்து தன் மண்ணில் அடுத்த டெஸ்ட்டை ஆட 2024 ஜூலை வரை, ஆறு வருடம், காத்திருந்தது. அதுவும் பெல்ஃபாஸ்ட்டில்.

நம்மவர்கள் வந்தபோது

அந்த டெஸ்ட் முடிந்து ஆறு வாரத்தில் கேலரிகள் மறுபடி எழுந்தன. இந்த முறை இந்தியா. மூன்று நாளில் இரண்டு டி20. முதல் ஆட்டத்தில் ரோஹித் 97, இரண்டாவதில் நம் சுரேஷ் ரெய்னா 69. இரண்டாவது ஆட்டத்தில் ஓய்வு கொடுக்கப்பட்ட தோனி, கிட் பேகைத் தோளில் மாட்டிக்கொண்டு ரெய்னாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்த படம் ஞாபகம் இருக்கிறதா? நம்மூரில் வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றிய அந்தப் படம் மாலஹைட்டில் எடுத்ததுதான். அன்று அயர்லாந்து 70 ரன்னுக்கு ஆல் அவுட்.

2022-ல் கதை வேறு. இரண்டாவது டி20-யில் தீபக் ஹூடா செஞ்சுரி அடிக்க, இந்தியா 225. அயர்லாந்து பயப்படவே இல்லை. துரத்தித் துரத்தி 221 வரை வந்தது. வெறும் நாலு ரன்னில் பிழைத்தோம்.

2023 ஆகஸ்ட்டில் மூன்று ஆட்டம். முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு பல மாதம் ஆடாமல் இருந்த பும்ரா, இந்த மைதானத்தில்தான் திரும்பி வந்தார், அதுவும் கேப்டனாக. முதல் ஓவரிலேயே இரண்டு விக்கெட். இரண்டாவது ஆட்டத்தில் சி.எஸ்.கே-யின் ருதுராஜ் 58 அடித்தார். அணியில் நம் வாஷிங்டன் சுந்தரும் இருந்தார். அந்த முதல் இரண்டு ஆட்டங்களுக்கும் டிக்கெட் முன்கூட்டியே விற்றுத் தீர்ந்துவிட்டது.

வாங்கியவர்கள் பெரும்பாலும் யார் என்பதை கேலரியின் நீல நிறமே சொல்லும். 2016 கணக்கெடுப்பில் அயர்லாந்தில் இந்தியக் குடிமக்கள் சுமார் 11,500 பேர். அதாவது, மாலஹைட் கேலரிக்குள் எல்லோரும் அடங்கிவிடலாம். 2022-ல் அது 45,449. நர்ஸுகள், சாஃப்ட்வேர்காரர்கள், மேற்படிப்பு மாணவர்கள் என ஆறு வருடத்தில் நாலு மடங்கு. கார்க், லிமரிக், கால்வே என நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து சேருபவர்களுக்கு இது மேட்ச் மட்டுமல்ல, ஊர்த் திருவிழா. ஐரிஷ் அணிதான் பாவம், சொந்த மண்ணிலேயே விருந்தாளி ஆகிவிடுகிறது.

கடைசி ஆட்டம் ஆகஸ்ட் 23. தேதி ஞாபகம் வருகிறதா? சந்திரயான்-3 நிலவில் இறங்கிய நாள். இந்திய நேரம் மாலை 6.04, அங்கே மதியம் 1.34. மேட்ச் மூன்று மணிக்கு. நம் வீரர்கள் மைதானத்தில் டி.வி முன்னால் கூடி நின்று நிலவில் தரையிறங்குவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். நிலவில் இறங்க முடிந்தது. மாலஹைட் பிட்ச்சில் இறங்க முடியவில்லை. மழை! ஒரு பந்துகூட வீசாமல் ஆட்டம் ரத்து.

சென்னையில் பாதிதான் மழை

ஒரு விஷயம் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். டப்ளினில் வருடத்துக்குப் பெய்யும் மழை சுமார் 750 மில்லிமீட்டர். சென்னையில் சுமார் 1,400. நம்மில் பாதிதான்! ஆனால், நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில் மொத்தமாக வந்து, தெருவில் படகு விட்டுவிட்டுப் போய்விடும். அங்கே அதே மழையைத் தவணை முறையில் வருடம் முழுக்கக் கொடுக்கிறது வானம். தூறல், வெயில், மறுபடி தூறல். குடை பிடிக்கும் அளவுக்குக்கூட இருக்காது; பிட்ச்சை ஈரமாக்க அது போதும்.

2023 ஆகஸ்ட்டின் முதல் ஆட்டத்தில் இந்தியா 6.5 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 47 எடுத்திருந்தபோது தூறல் வந்தது. டக்வொர்த் லூயிஸ் கணக்குப்படி இரண்டே ரன் வித்தியாசத்தில் வென்றோம். அதே வருடம் மே மாதம் வங்கதேசத்துக்கு எதிரான தன் 'உள்ளூர்' தொடரை, வானிலையை நம்ப முடியாமல் இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டு நகரத்துக்குக் கொண்டுபோனது அயர்லாந்து. அங்கேயும் முதல் ஆட்டம் மழையில் போய், உலகக் கோப்பைக்கு நேரடியாகத் தகுதிபெறும் வாய்ப்பும் கையை விட்டுப் போனது.

பந்தல் போடப் பணம் வேண்டுமே

மழையாவது இயற்கை. பணம்? கேலரி வாடகை, வேலி வாடகை, கழிப்பறை வாடகை என ஒவ்வொரு போட்டிக்கும் கல்யாணச் செலவு. இந்தியா வந்தால் ஒளிபரப்பு வருமானம் வரும், டிக்கெட் விற்கும், செலவு கட்டுப்படும். மற்ற அணிகள் வந்தால் கையைக் கடிக்கும். 2024-ல் வரவேண்டிய ஆஸ்திரேலியத் தொடரையே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அதே வருடம் தென்னாப்பிரிக்காவுடனான தங்கள் சொந்தத் தொடரை அபுதாபி பாலைவனத்தில் நடத்தினார்கள். 2025-ல் ஆப்கானிஸ்தான் தொடரையும் செலவைக் காரணம் சொல்லிக் கைவிட்டார்கள். உலகச் சாம்பியன் அணியை 'வராதீர்கள்' என்று சொல்லும் நிலைமை யாருக்கு வரும்!

ஆடாமல் ஓர் அணி எப்படி வளரும்? இன்னொரு மார்கன் பிறந்தால் அவன் எங்கே போவான்? ரிமோட்டைத் தேடுவதற்குள் நமக்கு முடிந்துபோகும் தொடர், அவர்களுக்கு ஒரு வருட வரவு செலவு.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. டப்ளினின் வடமேற்கே ஆபட்ஸ்டவுனில், அரசின் விளையாட்டு வளாகத்தில் நிரந்தரமான தேசிய கிரிக்கெட் ஸ்டேடியம் கட்ட 2024-ல் அரசு முடிவெடுத்தது. 2030 டி20 உலகக் கோப்பையை இங்கிலாந்து, ஸ்காட்லாந்தோடு சேர்ந்து அயர்லாந்து நடத்தப்போகிறது. அதற்குள் முதல் கட்டம் தயாராக வேண்டும் என்பது திட்டம். நூறு வருடமாக 'அந்நிய ஆட்டம்' என்று ஒதுங்கி நின்ற நாடு, தன் பணத்தில் அதற்கு ஒரு வீடு கட்டுகிறது.

போகிறவர்களுக்கு

அயர்லாந்து ஷெங்கன் நாடுகளில் சேராது. ஐரோப்பிய விசா செல்லாது. தனி விசா வேண்டும். பிரிட்டனையும் சேர்த்துப் பார்ப்பவர்கள், இந்தியர்களுக்கென இருக்கும் பிரிட்டிஷ்-ஐரிஷ் கூட்டு விசா ஏற்பாட்டை விசாரித்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து துபாய், அபுதாபி, தோஹா வழியாக மாறிப் போகலாம். டப்ளின் விமான நிலையத்துக்கும் மாலஹைட்டுக்கும் தூரம் அதிகமில்லை. ஜூன், ஜூலையில் ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால், காலையில் கோட்டை, மதியம் மைதானம், சாயங்காலம் கடலோரமாக போர்ட்மார்னாக் கடற்கரை வரை நடை என்று ஒரே நாளில் முடிக்கலாம். எந்த மாதம் போனாலும் பையில் ஒரு மழைக்கோட்டு இருக்கட்டும்.

ஆபட்ஸ்டவுன் தயாராகிவிட்டால் பெரிய அணிகள் அங்கேதான் போகும். மாலஹைட்டுக்கு லாரிகள் வருவது குறையும். ஓ'பிரையனின் செஞ்சுரியும், தோனி தண்ணீர் தூக்கி வந்ததும், பும்ரா திரும்பி வந்ததும் இங்கேதான் என்று சொல்லிக்கொள்ள ஒரு புல்வெளி மட்டும் இருக்கும். கோடைக்கால சனிக்கிழமையில் அங்கே கிளப் ஆட்டம் நடந்துகொண்டிருந்தால் பவுண்டரி ஓரமாகப் புல்லில் உட்காருங்கள். டிக்கெட் கிடையாது. மேலே மேகத்தை மட்டும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.